கொண்டியில்லாத கதவும் கடுத்த மஞ்சளும்: அதிபர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ்மொழிப் பாடசாலை அதிபர்மாருக்கும், வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் அரச வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். டொக்டர் துண்டில் 'யூ.எஃப்.ஆர்.' என்று எழுதித் தருவாரே, அந்தச் சலப் பரிசோதனை என் அன்றாட வேலைகளில் ஒன்று. போத்தலைக் கையில் எடுத்ததும் முதலில் நிறத்தை எழுதுவோம். அப்புறம் தெளிவா கலங்கலா, அடர்த்தி எவ்வளவு, புரதம் உண்டா, சீனி உண்டா என்று பார்த்து, கடைசியில் நுணுக்குக்காட்டியின் கீழ் கலங்களை எண்ணுவோம். ஆகவே நிறத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களிடம் இரண்டு விடயம் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் பாடசாலையின் ஒவ்வொரு மலசலகூடக் கதவின் உட்பக்கத்திலும், பிள்ளை தன் சலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஒரு நிற அட்டையை ஒட்டுங்கள். அதை ஒட்டுவதற்கு முன்னால், அந்தக் கதவு உள்ளே இருந்து பூட்டுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னதைச் செய்து பின்னதை விட்டுவிட்டால், "நீ தண்ணீர் போதாமல் இருக்கிறாய்" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, குடிப்பதற்கான வழியை அடைத்து வைத்திருப்போம். அதனால்தான் சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும் மாதங்களில் எங்களிடம் வரும் போத்தல்களின் நிறம் மாறிவிடும். சிறுபோக வயலில் நிற்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கரைவலை இழுப்பவர்கள் ஆகியோரின் சலம் கடுத்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை, வெயில்தான். எனக்கு உறுத்துவது பள்ளிக்கூடச் சட்டையோடு வரும் பெண்பிள்ளைகள். அவர்கள் வெயிலில் வேலை செய்யவில்லை. கூரையின் கீழ் இருந்து படித்தவர்கள். தாய்மார் கூட்டி வருவார்கள். சலக்கடுப்பு, அடிவயிற்று நோ, சில வேளை குளிர் காய்ச்சல். போத்தலுக்குள் கடுந்தேன் நிறத்தில், கலங்கலாக இருக்கும். அடர்த்தி, சாதாரண எல்லையின் உச்சமான 1.030 ஐ நெருங்கும். நுணுக்குக்காட்டியில், தொற்றின் அடையாளமான சீழ்க்கலங்கள் நிறையத் தெரியும்.

"பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறயா மகள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "குடிச்சா சலம் வரும் மிஸ். அங்க போகேலா." ஏன் போகேலா என்று மெல்லக் கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கதவுக்குக் கொண்டி இல்லை, சினேகிதி ஒருத்தி வெளியே நின்று பிடிக்க வேண்டும். வாளி காலி. பெரிய வகுப்புப் பொடியன்கள் நிற்கும் பக்கத்தால் நடந்து போக வேண்டும். பாட நேரத்தில் கேட்டால் ஏச்சு விழும், இடைவேளையில் போனால் வரிசை முடியுமுன் மணி அடித்துவிடும். மாதவிடாய் நாளில் துணியைப் போட ஒரு கூடைகூட இல்லை. தாய்மாருக்கு இதில் பாதி அன்றைக்குத்தான் தெரியவரும்.

இந்தப் பிள்ளைகள் மறதியால் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் இல்லை. யோசித்து, கணக்குப் பார்த்து, குடிக்காமல் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை நாம்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

சலம் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்திவிடலாம். நம் செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்துவிட்டு உடைகின்றன. உடையும் கலத்தில் உள்ள ஈமோகுளோபினில் இருந்து பிலிரூபின் உண்டாகிறது. ஈரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். குடலில் வாழும் பக்டீரியாக்கள் அதை நிறமில்லாத வேறொரு பொருளாக மாற்றும். அதன் ஒரு பகுதி திரும்ப இரத்தத்துக்கு வந்து, சிறுநீரகத்தின் வழியாக யூரோபிலின் என்ற மஞ்சள் நிறப்பொருளாக வெளியேறுகிறது. யூரோபிலினை மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறியும். ஆனால் குடல் பக்டீரியாவின் எந்த நொதியம் இந்த மாற்றத்தைச் செய்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில்தான் கண்டு வெளியிட்டார்கள். இவ்வளவு சாதாரணமான ஒரு விடயத்தின் காரணம் இவ்வளவு காலம் முழுசாகத் தெரியாமல் இருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், விஞ்ஞானத்தில் ஆசை வரும்.

இதில் நமக்குத் தேவையான புள்ளி ஒன்றுதான். சுகமாக இருக்கும் ஒருவரின் உடம்பு ஒரு நாளில் உண்டாக்கும் மஞ்சளின் அளவு பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ஏறி இறங்குவது, அந்த மஞ்சள் கரைந்திருக்கும் தண்ணீர். தண்ணீர் அதிகமென்றால் வெளிறும், குறைவென்றால் கடுக்கும். நிற அட்டை வேலை செய்வது இந்த அடிப்படையில்தான்.

தண்ணீரைக் கூட்டிக் குறைப்பது சிறுநீரகம். வளர்ந்த ஒருவரின் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிக்கின்றன. வெளியே போவதோ ஒன்றரை, இரண்டு லீற்றர்தான். மிச்சம் எல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. எவ்வளவை உறிஞ்சுவது என்று சொல்வது வசோபிரெசின் என்ற ஓமோன். இரத்தம் ஒன்று, இரண்டு வீதம் செறிவானாலே மூளை அதை உணர்ந்து இந்த ஓமோனை விடுகிறது. சிறுநீரகம் உடனே தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொடங்குகிறது. அந்த ஓமோன் வேலை செய்யத் தொடங்கும் மட்டம், தாகம் எடுக்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதாவது, "எனக்குத் தாகமே இல்லையே" என்று பிள்ளை சொல்லும் நேரத்திலும் சலம் கடுக்கத் தொடங்கியிருக்கலாம். தாகத்தைப் பழகிப் பழகி அடக்கிய பிள்ளைக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது.

சிறுநீரகத்தின் திறமை பெரியது. தேவைப்பட்டால் இரத்தத்தைப் போல நான்கு மடங்கு செறிவான சலத்தை அது உண்டாக்கும். தண்ணீர் மிஞ்சினால் இரத்தத்தின் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஐதாக்கியும் விடும். நாங்கள் அடர்த்தி என்று எழுதுவது இதன் ஒரு அளவு. தண்ணீரை 1.000 என்று வைத்தால் சலம் சாதாரணமாக 1.005 தொடக்கம் 1.030 வரை போகும். விளையாட்டு வீரர்களைப் பரிசோதிப்பவர்கள் 1.020 ஐத் தாண்டினால் அவர் போதிய தண்ணீர் குடிக்காமல் மைதானத்துக்கு வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகள் மைதானத்துக்குப் போகாமலே, கணித பாடத்தில் இருந்தபடியே, அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள்.

ஒரு பெண்பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணி. ஏழரைக்குப் பள்ளிக்கூடம். இடைவேளையில் ஏதோ ஒரு சாப்பாடு, தண்ணீர் இல்லாமல், அல்லது ஒரு மிடறு. ஒன்றரைக்கு விட்டு, பஸ் பிடித்து, வீடு சேர இரண்டு மணி. மேல் வகுப்புப் பிள்ளை என்றால் வீட்டுக்கே போகாமல் நேரே டியூஷன். அங்குள்ள மலசலகூடத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010 இல் சொன்ன அளவின்படி, 9 முதல் 13 வயது வரையான பெண்பிள்ளைக்கு உணவில் உள்ள தண்ணீரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1.9 லீற்றர் வேண்டும், ஆண்பிள்ளைக்கு 2.1 லீற்றர். அது அவர்களுடைய மிதமான காலநிலைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊரில், ஆனி ஆடி மாதத்தில், தகரக் கூரையின் கீழ் ஐம்பது பேர் இருக்கும் வகுப்புக்கு அது போதாது. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் வெறும் வாயோடு போனால் மிச்ச நேரத்தில் அதை ஈடுசெய்வது கஷ்டம். இரவில் மொத்தமாகக் குடித்தால் சிறுநீரகம் அதை இரவிலேயே வெளியே விட்டுவிடும். சின்னப் பிள்ளை பாயை நனைக்கும், அதற்கும் ஏச்சு வாங்கும்.

உடல் எடையில் ஏறத்தாழ இரண்டு வீதம் தண்ணீர் குறைந்தாலே கவனமும் குறுகிய கால ஞாபகமும் தளர்கின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாற்பது கிலோ பிள்ளைக்கு அது 800 மில்லிலீற்றர். கடைசி இரண்டு பாடவேளைகளில் தலையிடிக்கிறது என்று மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பனடோல் கொடுக்குமுன் ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். பெறுபேறு பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம் இதையும் அதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சலத்தை அடக்கி வைப்பது இன்னொரு கெடுதல். பெண்களின் சலக்குழாய் ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர்தான்; ஆண்களுக்கு இருபதளவில் இருக்கும். குடலில் இருந்து வரும் ஈ. கோலி பக்டீரியாவுக்கு அந்த நான்கு சென்ரிமீற்றர் தூரமே இல்லை. அடிக்கடி சலம் போனால் ஏறிவரும் கிருமி கழுவுப்பட்டுப் போகும். மணிக்கணக்கில் தேங்கினால் அது பெருகுவதற்கு நேரம் கிடைக்கிறது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் வரும். மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்குச் சலப்பை சரியாக வெறுமையாகாது, தொற்று மறுபடியும் வரும். 2018 இல் வெளியான ஒரு ஆய்வில், அடிக்கடி சலத்தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை எடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேரை வழமையை விட ஒன்றரை லீற்றர் கூடுதலாகத் தினமும் குடிக்க வைத்தார்கள். பன்னிரண்டு மாதத்தில் மற்றப் பாதிக்குச் சராசரியாக 3.2 தடவை தொற்று வந்தது, கூடக் குடித்தவர்களுக்கு 1.7 தடவை. வெறும் தண்ணீர்! அவ்வளவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் மிச்சம். வளர்ந்த பெண்களில் செய்த ஆய்வு அது, ஆனாலும் அதன் தர்க்கம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். சிறுநீரகக் கல்லும் இப்படித்தான்: செறிவான சலத்தில் உப்புகள் கட்டியாகும், ஐதான சலத்தில் கரைந்தே போகும்.

சரி, அட்டைக்கு வருகிறேன். அமெரிக்க ஆய்வாளர் லோரன்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கும் அவருடைய குழுவினரும் 1994 இல் எட்டு நிறங்கள் கொண்ட ஒரு அளவையை முன்வைத்தார்கள். உலகம் முழுக்க விளையாட்டு வீரர்களும் படைவீரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் பாவிக்கும் அட்டைகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. பாடசாலைக்கு எட்டு நிறம் தேவையில்லை, நான்கு போதும். வெளிறிய மஞ்சள்: நல்லது, இப்படியே தொடருங்கள். நல்ல மஞ்சள்: அடுத்த இடைவேளையில் ஒரு கோப்பை குடியுங்கள். கடும் மஞ்சள், தேன் நிறம்: இப்போதே குடியுங்கள். பிளேன்ரீ நிறம், கோலா நிறம், சிவப்பு: ஆசிரியரிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டி விடாதீர்கள், அதில் எல்லாமே சாம்பல்தான். நிறத்தில் அச்சிட்டு லெமினேட் பண்ணுங்கள், வெயில் படும் கதவென்றால் மங்கியதும் மாற்றுங்கள்.

பார்க்கும் முறையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் சலம் எல்லோருக்கும் கடுத்துத்தான் இருக்கும், இரவு முழுக்கச் சேர்ந்தது. அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட வேண்டாம். பத்து மணிக்குப் பிறகு போவதைப் பாருங்கள். குந்தும் மலசலகூடத்தில் தண்ணீர் ஊற்றுமுன், வெள்ளைப் பீங்கானில் விழும்போதே பார்க்க வேண்டும். தேங்கிய தண்ணீரோடு கலந்த பிறகு நிறம் பொய் சொல்லும். வெளிச்சமும் வேண்டும். ஜன்னலைத் தகரத்தால் அடைத்த இருட்டறையில் எந்த அட்டையும் உதவாது. விற்றமின் பி மாத்திரை விழுங்கிய பிள்ளைக்குச் சலம் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அது தண்ணீர்க் குறைவில்லை. பீற்றூட் சாப்பிட்ட சிலருக்குச் சிவக்கும். காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்பவர்களுக்குச் செம்மஞ்சளாகும். இவை தெரிந்திருந்தால் வீண்பயம் இல்லை.

ஆனால் பயப்பட வேண்டிய நிறங்களும் உண்டு. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், வகுப்பாசிரியர்களிடமும் காட்டுங்கள்.

கோலா நிறத்தில் அல்லது சிவந்து, அளவும் குறைந்து சலம் போய், காலையில் கண் இமையும் முகமும் வீங்கியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன் தொண்டை நோ வந்ததா, அல்லது மூன்று கிழமையளவில் தோலில் சிரங்கு இருந்ததா என்று கேளுங்கள். ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமிக்குப் பிறகு வரும் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகச் சுகமாகிவிடுவார்கள், ஆனால் இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும். சலம் பிளேன்ரீ போல, கண் மஞ்சள், மலம் வெளிறியது என்றால் செங்கமாரி. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அந்த நிறம் போகாது. நுரைத்து, தண்ணீர் ஊற்றியும் நுரை அடங்காமல் நாள்தோறும் போனால் புரதம் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளை ஆறு மணி நேரம் சலம் போகவில்லை என்றால், டெங்குக் காலத்தில் அது காத்திருக்கும் விடயம் இல்லை. தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை: சேற்று வயலில் நின்றவருக்குக் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்து சலம் குறைந்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். விதைப்புக்கு முன் தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

வெளிறிய நிறம் எப்போதும் நல்ல செய்தி என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆய்வுகூடத்தில் சில போத்தல்கள் தண்ணீர் மாதிரி வெளிறி இருக்கும், ஆனால் அடர்த்தி உயர்ந்து நிற்கும். வெளிறிய சலம் பாரமாக இருப்பது பொருந்தாத ஒன்று. சீனியைச் சோதித்தால் சோதனைப் பட்டி கடும் நிறமாக மாறும். ஒரு பிள்ளை திடீரென்று நிறையக் குடிக்கிறது, நிறையச் சலம் போகிறது, இரவில் பாய் நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மறுபடி நனைக்கிறது, மெலிகிறது என்றால், அது முதலாம் வகை நீரிழிவாக இருக்கலாம். நாள் கடத்தினால் உயிராபத்து. "நல்லாத் தண்ணி குடிக்குது" என்று பாராட்டும் ஆசிரியர்தான் இதை முதலில் காணக்கூடியவர். அதுபோல, நீண்டகாலச் சிறுநீரக நோயில் சிறுநீரகம் செறிவாக்கும் திறனை இழப்பதால் சலம் வெளிறியே போகும். அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிய, மகாஓயாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயின் பாதிப்பு உண்டு. அந்த நோயை நிறத்தால் பிடிக்க முடியாது. இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருளையும் சலத்தில் புரதத்தையும் பார்க்க வேண்டும். அட்டை தண்ணீரைப் பற்றிப் பேசும், நோய் இல்லை என்று உறுதி தராது.

சலத்தைப் பார்த்து உடம்பை அறிவது நமக்குப் புதிதும் இல்லை. சித்த வைத்தியத்தில் நீர்க்குறி என்று நிறம், எடை, மணம், நுரை, குறைவு என்ற ஐந்தையும் பார்ப்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இன்றும் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அந்தக் காலத்தவர்கள் வெட்கப்படாமல் பார்த்துப் பேசிய ஒன்றை நாம் பிள்ளைகளிடம் பேசக் கூசுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, உங்கள் கையில் உள்ளவை. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட பாடசாலை நியமங்களில் 25 பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம், 50 ஆண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடமும் ஒரு சிறுநீர் கழிப்பிடமும் என்று இருக்கிறது. படுவான்கரையில் உள்ள ஒரு சிறிய பாடசாலைக்கும் கல்முனையில் உள்ள ஒரு பெரிய பாடசாலைக்கும் இந்தக் கணக்கு ஒரே மாதிரி வராது என்று தெரியும். புதுக் கட்டடம் வலயத்தின் நிதியில்லாமல் நடக்காது. ஆனால் கொண்டி ஒன்று வாங்க வலயக் கந்தோரைக் காத்திருக்க வேண்டுமா? கொண்டி, வாளி, கோப்பை, மூடியுள்ள கூடை, சவர்க்காரம். அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் ஒரு பழைய மாணவர் கையை உயர்த்தினால் தீரும் செலவு. ஆண்டு விழாவுக்கும் பேண்ட் வாத்தியத்துக்கும் காசு சேர்க்கத் தெரிந்த ஊர்கள்தான் இவை. கூடையை வெறுமையாக்குவது யார், தண்ணீர் நிரப்புவது யார் என்பதைப் பெயரோடு எழுதி வையுங்கள். அதைப் பிள்ளைகளின் தலையில், அதுவும் தண்டனையாக, போடாதீர்கள். மலசலகூடம் கழுவுவதைத் தண்டனையாக்கும் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கம் விரும்பிப் போகாது.

பாட நேரத்தில் கேட்டால் விடுங்கள். விட்டால் சாட்டுச் சொல்லிக்கொண்டு வெளியே சுற்றுவார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது எனக்குத் தெரியும், சிலர் சுற்றத்தான் செய்வார்கள். சுற்றும் சிலருக்காக, அடக்கி இருக்கும் பலரை நோயாளியாக்க முடியாது. ஒருவர் போய் வந்தபின் அடுத்தவர் என்று ஒரு மர வில்லையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், கேட்காமலே எடுத்துக்கொண்டு போகட்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு வகுப்பின் முன்னால் கேட்பதே பெரிய பாரம். தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்திருக்க விடுங்கள். மூன்றாம் பாடம் முடிந்ததும் எல்லோரும் இரண்டு மிடறு குடிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். 2024 இன் முற்பகுதியில் கடும் வெப்பத்தால் மைதான நிகழ்ச்சிகளை மட்டுப்படுத்தும்படி கல்வி அமைச்சு அறிவுறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் காலத்தில் இந்த அட்டையை மைதானத்துப் பக்கத்து மலசலகூடத்தில் கட்டாயம் ஒட்டுங்கள். ஓடுவதற்குச் சற்று முன் போன சலமும் கடும் மஞ்சள் என்று சொல்லும் பிள்ளையை நீண்ட தூர ஓட்டத்தில் விடாதீர்கள்.

தண்ணீரும் நல்லதாக இருக்க வேண்டும். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வரும் பாடசாலைக்கு ஒரு வசதி; கடற்கரையோர மணலில் கிணறும் மலக்குழியும் அருகருகே உள்ள பாடசாலைக்கு வேறு கவலை; கச்சான் காலத்தில் தண்ணீர்ப் பவுசரை எதிர்பார்க்கும் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்துக்கு இன்னொன்று. கிணற்றுத் தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் பரிசோதித்து எடுங்கள். தண்ணீர் அலுத்தால் தேசிக்காய்த் தண்ணீர், மோர், இளநீர், காலையில் கஞ்சி. சிற்றுண்டிச்சாலையில் விற்கும் நிறப் பானங்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதே நேரம், நிறமே இல்லாமல் போகும் வரை குடி என்று எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தாதீர்கள். ஒரேயடியாக லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கும், அதுவும் ஆபத்து. இருதய, சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்கு டொக்டர் சொன்ன அளவுதான்.

நோன்பு பிடிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போது விடுமுறை, ஆனால் தமிழ்ப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள் நோன்போடுதான் வருவார்கள். அவர்களின் நிறம் பகலில் கடுத்திருப்பது இயல்பு. யாரும் அதைச் சுட்டிக்காட்டத் தேவையில்லை, மைதான வேலையைக் குறைத்தால் போதும். நோன்பு திறந்ததில் இருந்து ஸஹர் வரை இடைவெளி விட்டுக் குடித்தால் இரவு படுக்குமுன் நிறம் தெளிந்துவிடும்.

ஆசிரியைமாரே, உங்களுக்கும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். உங்கள் போத்தல்களையும் நான் பார்க்கிறேன். ஆசிரியர்களுக்கான மலசலகூடம் ஒன்று, அதற்கும் தண்ணீர் இல்லை, ஆகவே நீங்களும் ஒன்றரை மணி வரை அடக்குகிறீர்கள். கர்ப்பமாக இருக்கும் ஆசிரியைக்குச் சலத்தொற்று வந்தால் அது குழந்தையையும் பாதிக்கும். அபிவிருத்திக் குழுவில் இதைப் பேச வேண்டியவர்களில் நீங்களும் இருக்கிறீர்கள்.

வலயக் கல்விப் பணிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேற்பார்வைக் குழு பாடசாலைக்குப் போகும் நாளில் பாடக்குறிப்புக்கு முன்னால் பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தைப் பார்க்கட்டும். காலையில் கழுவி வைத்த நேரத்தில் வேண்டாம். இடைவேளை முடிந்த கையோடு, குழுவில் உள்ள ஒரு பெண் உத்தியோகத்தர் உள்ளே போய்க் கதவைப் பூட்டிப் பார்க்கட்டும். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது, "பள்ளிக்கூடத்தில் சலம் போவாயா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கும்படி சுகாதார வைத்திய அதிகாரிகளிடம் பேசுங்கள். தனியாக வைத்துக் கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள்.

இரண்டாம் தவணை கச்சானோடுதான் வரும். அதற்கு முன் கொண்டிகளையும் வாளிகளையும் சரிபார்த்துவிட்டு அட்டையை ஒட்டுங்கள். ஒட்டும் நாளில் காலைக் கூட்டத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், அல்லது பக்கத்து வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள், எங்களில் ஒருவர் வருவோம். பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அரச வைத்தியசாலை மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.